‘ஹூ’வும் ‘வாட்’டும்: ஃபிராங்கன்ஸ்டைனை இலக்கணப் பயிற்சியாக வாசித்தல்

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றில் முதல் கேள்வியையே தவறாக எழுதினேன். ஒரு கோடு, அதன் பிறகு ‘இஸ் யுவர் நேம்?’. கோட்டில் நான் எழுதியது ‘ஹூ’. டீச்சர் சிவப்பு மையில் சுழித்து ‘வாட்’ என்று திருத்தினார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய பாடவேளை மலாய். மலாயில் ஒருவரின் பெயரை ‘சியாப்பா நாமா அவாக்?’ என்றுதான் கேட்க வேண்டும். சியாப்பா என்றால் யார். ‘ஆப்பா’ என்று கேட்டால் அது ஏதோ பழத்துக்கோ தெருவுக்கோ பெயர் கேட்ட மாதிரி ஆகிவிடும். மலாய் டீச்சர் அதற்குத் தனியாக ஒரு சுழி போடுவார்.

ஆக, பத்து மணிக்கு முன்னால் என் பெயர் ஓர் ஆளாக இருந்தது. பத்து மணிக்குப் பிறகு பொருளாக ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் ‘உன் பேரென்ன?’, அதுவும் பொருள்தான். தமிழும் ஆங்கிலமும் பெயரை ஒருவர் வைத்திருக்கும் உடைமையாகப் பார்க்கின்றன. மலாய் அதை அந்த ஆளாகவே பார்க்கிறது. இதையெல்லாம் அப்போது யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வினாப்பெயர்ச்சொல் என்பது கோடிட்ட இடத்தை நிரப்புகிற சமாச்சாரம் மட்டும் இல்லை என்ற சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

கடந்த சில மாதங்களாக மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலிலிருந்து சில அத்தியாயங்களை எங்கள் வாசகர் சந்திப்புக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய சிவப்புச் சுழி அந்த வேலையில்தான் மறுபடி வந்து நின்றது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன், ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நாம் எல்லாரும் இவற்றைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணிக்கையில் ஐந்துதான். ஹூ, ஹூம், ஹூஸ், விச், வாட். நம் ஊரில் நாம் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இந்தச் சொற்களில் நடப்பதில்லை, அவற்றைச் சுற்றி நடக்கின்றன. ‘யூ வாண்ட் வாட்?’ என்று வினாச்சொல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் அது அங்கேயே இருக்கலாம், ஆங்கிலம் மட்டும் அதை முன்னால் இழுத்து வரச் சொல்கிறது. ‘யாரெல்லாம் வர்றாங்க?’ என்பதை ‘ஹூ ஆல் கமிங்?’ ஆக்குவோம். ஆங்கில ‘ஹூ’வுக்குப் பன்மை கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் ‘ஹூ இஸ் கமிங்?’தான். எழுவாயாக வரும் ‘ஹூ’வுக்குப் பக்கத்தில் ‘டிட்’ வராது என்பதை மறந்து ‘ஹூ டிட் கேம்?’ என்போம். இவையெல்லாம் காதில் உடனே இடிக்கும், அதனால் திருத்திக்கொள்வதும் சுலபம்.

இடிக்காத ஒன்று இருக்கிறது. ‘ஐ டோண்ட் நோ வாட் இஸ் ஹிஸ் நேம்.’ வழக்கறிஞர்கள், விரிவுரையாளர்கள், செய்தி வாசிப்பவர்கள், எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன். கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துவிட்டால் ஆங்கிலத்தில் அது கேள்வி என்ற மிடுக்கை இழந்துவிட வேண்டும். ‘இஸ்’ பின்னால் போய், ‘வாட் ஹிஸ் நேம் இஸ்’ என்று அடங்கிவிட வேண்டும். தமிழில் ‘அவர் பேரு என்னன்னு தெரியல’ என்கிறோம். கேள்வி முழுசாக அப்படியே இருக்கிறது, ஓர் ‘என்று’ மட்டும் ஒட்டிக்கொள்கிறது. நம் மொழியில் எந்தக் கேள்வியும் உள்ளே போனதற்காக முதுகு வளைப்பதில்லை. அதனால்தான் இந்தப் பிழை நம் யாருக்கும் பிழையாகக் கேட்பதில்லை.

‘ஹூம்’ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைச் சரியாகச் சொல்பவர்களிடம் நமக்கு ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘யாரை’ என்பதற்கு ‘ஹ்வோனே’ என்று தனிச்சொல் இருந்தது. ‘யாருக்கு’ என்பதற்கு ‘ஹ்வாம்’. காலப்போக்கில் நான்காம் வேற்றுமை வந்து இரண்டாம் வேற்றுமையின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ‘ஹூம்’ என்று புனிதமாகக் காப்பாற்றப்படும் சொல், தன் இடத்தைவிட்டு வந்து இன்னொன்றை விரட்டிய சொல்தான். 1762-இல் இராபர்ட் லவுத் எழுதிய இலக்கண நூல் பெரிய எழுத்தாளர்களின் வாக்கியங்களை எடுத்துப்போட்டு இங்கே ‘ஹூ’ தவறு, ‘ஹூம்’ வேண்டும் என்று திருத்தியது. 1921-இல் எட்வர்ட் சபீர் ‘மொழி’ என்ற தன் நூலில் இந்த ஒரு சொல்லுக்காகப் பல பக்கங்கள் ஒதுக்கி, இன்னும் இருநூறு ஆண்டுகளில் படித்த நீதிமான்கூட இதைக் கேள்வியில் பயன்படுத்த மாட்டார் என்று கணித்தார். பாதி காலம் கடந்துவிட்டது. கணிப்பு பலித்துக்கொண்டுதான் இருக்கிறது. முன்னிடைச்சொல் ஒன்றை முன்னால் வைத்து ‘டு ஹூம்’ என்று எழுதும்போது வையுங்கள். மற்ற இடத்தில் ‘ஹூ’ போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது ‘ஹூ’, ‘விச்’, ‘வாட்’ மூன்றுக்கும் இடையில் இருக்கும் எல்லைதான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது: மனிதர்களுக்கு ‘ஹூ’, பொருள்களுக்கு ‘வாட்’, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ‘விச்’. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப வசதி. உயர்திணை, அஃறிணை என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். நானும் அப்படித்தான் பல வருஷம் நினைச்சிக்கிட்டிருந்தேன். ஆனால் ஆங்கிலம் அப்படி இல்லை.

ஒரு பழைய வகுப்புப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரைப் பற்றிப் பேச்சு வருகிறது. ‘ஹூ இஸ் ஹீ?’ என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டும், அல்லது இன்னாருடைய தம்பி என்று உறவு சொல்ல வேண்டும். ‘விச் இஸ் ஹீ?’ என்றால் இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது என்று விரலால் காட்ட வேண்டும். ‘வாட் இஸ் ஹீ?’ என்று கேட்டால் வங்கி அதிகாரி என்றோ பாதிரியார் என்றோ சொல்ல வேண்டும். மூன்றுமே மனிதனைப் பற்றிய கேள்விகள், மூன்றுமே சரியான ஆங்கிலம். ‘வாட்’டை மனிதன்மீது வைக்கலாம். வைத்தால் அது அந்த ஆளைக் கேட்பதில்லை, அந்த ஆள் எந்த டப்பாவுக்குள் இருக்கிறான் என்று கேட்கிறது.

தமிழிலும் இது உண்டு. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் தொழிலைக் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் அந்த வாக்கியம் எங்கிருந்தோ எழுந்து வரும். கேட்பவரின் குரல் கொஞ்சம் தாழும், ‘ஆளுங்க’ என்பதில் மரியாதை விகுதிகூட இருக்கும். மலாயில் ‘பங்சா ஆப்பா?’. இந்நாட்டுப் படிவங்களில் அதற்கு நான்கு கட்டம் உண்டு: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். சிங்கப்பூரில் அடையாள அட்டையிலேயே இனம் என்ற இடம் அச்சாகியிருக்கும். ‘யார்’ என்பதற்கு ஒரே ஒருவர்தான் பதிலாக இருக்க முடியும். ‘என்ன’ என்பதற்கு ஆயிரம் பேருக்கு ஒரே பதில் இருக்கலாம்.

என் பாட்டி சாகும்வரை சிவப்பு ஐசி வைத்திருந்தார். இந்த மண்ணிலேயே, ஒரு தோட்ட லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்குப் போய்வர வழியில்லை. எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஓர் அலுவலக முகப்புக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முகப்புக்குப் பின்னால் இருந்தவர் என் மலாயைக் கேட்டுவிட்டு, உதவி செய்கிற நல்லெண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார். பாட்டியைப் பேனாவால் காட்டி என்னிடம் கேட்டார்: ‘வாட் இஸ் ஷீ?’

நான் ‘மை கிராண்ட்மதர்’ என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ‘நோ லா. வாட் இஸ் ஷீ? சிட்டிசன் ஆ, பிஆர் ஆ?’

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு முறையும் அவர் முகம் அந்த ஆளின் பேனாவைத் தொடர்ந்து போனது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது என்னைக் குடைந்தது கோபம் இல்லை. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்பது. அவர் கேட்க விரும்பியதற்கு ‘வாட்’தான் சரியான சொல். தப்பாகப் பதில் சொன்னவன் நான். ‘வாட்’டுக்கு ‘ஹூ’வின் பதிலைத் தந்திருந்தேன். மூன்றாம் ஆண்டில் செய்த அதே பிழை.

இப்போது ஃபிராங்கன்ஸ்டைன்.

கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும், பெரும்பாலும் தப்பாகத் தெரியும். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணத்துண்டுகளை ஒட்டி ஓர் உயிரை உண்டாக்குகிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடுகிறான். உண்டாக்கப்பட்டவனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. நாமாகத்தான் அவனுக்கு அப்பனின் பெயரை வைத்துவிட்டோம். 1818-இல் நாவல் வெளிவந்தபோது அட்டையில் எழுதியவர் பெயரும் இல்லை. வால்டர் ஸ்காட் மதிப்புரை எழுதும்போது எழுதியவர் கவிஞர் ஷெல்லி என்றே நினைத்துக்கொண்டார். இருபது வயதுப் பெண் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்த நாவலை எத்தனையோ விதமாக வாசித்திருக்கிறார்கள். அறிவியலின் ஆணவம், தாய்மை, பிரெஞ்சுப் புரட்சி, காலனியம். எனக்கு அது முதலில் ஒரு மொழி கற்கும் கதை. நடுவில் இருக்கும் அத்தியாயங்களில் அந்தப் பெயரில்லாதவன் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைப் பார்க்கிறான். அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு மொழி கற்கிறான். முதலில் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அப்புறம் அந்த வீட்டாரின் பெயர்கள். ஒரே ஆளுக்கு அண்ணன், மகன், பெலிக்ஸ் என்று பல பெயர்கள் இருப்பது அவனைத் திகைக்க வைக்கிறது. பிறகு அரபுப் பெண் சாஃபி அந்த வீட்டுக்கு வந்து சேர, அவளுக்கு பெலிக்ஸ் பாடம் நடத்துகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாணவன் இருப்பது யாருக்கும் தெரியாது. சாஃபியைவிட நான் வேகமாகக் கற்றேன் என்று அவன் பின்னால் பெருமை அடித்துக்கொள்கிறான். பின்வரிசையில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடும்பம் பிரெஞ்சுக் குடும்பம். அவன் கற்றதும் பேசுவதும் பிரெஞ்சு. நாம் படிக்கும் ஆங்கிலம், கதைக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு. அவன் விக்டரிடம் சொன்னதை விக்டர் வால்டனிடம் சொல்ல, வால்டன் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதுகிறான். நான் நாலாவது கை. இது எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

அவன் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு இடங்களில் வருகின்றன. முன்பு பலமுறை வாசித்தபோது நான் இவற்றை ஒரே புலம்பலின் இரண்டு பகுதிகளாகத்தான் எடுத்துக்கொண்டேன். வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

முதல் இடம், 1831 பதிப்பின் எண்ணிக்கைப்படி பதின்மூன்றாம் அத்தியாயம். அங்கே பெலிக்ஸ், வோல்னே எழுதிய பேரரசுகளின் அழிவைப் பற்றிய நூலை சாஃபிக்கு வாசித்துக்காட்டுகிறான். சொத்து எப்படிப் பிரிந்து கிடக்கிறது, பதவி என்றால் என்ன, வம்சம் என்றால் என்ன, உயர்ந்த இரத்தம் என்றால் என்ன என்றெல்லாம் இவன் சுவருக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொள்கிறான். பணமோ குலமோ இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் மதிப்பு, இரண்டும் இல்லாதவன் நாடோடி, அடிமை என்று புரிந்துகொள்கிறான். அந்த இடத்தில் அவன் தன்னைப் பார்த்துக் கேட்பது ‘வாட்’ கேள்வி. ‘வாட்’ மட்டும்தான். அந்த அத்தியாயத்தில் அது திரும்பவும் வருகிறது, அப்போதும் ‘வாட்’டாகவே வருகிறது. பதிலாக முனகல்தான் கிடைக்கிறது.

இரண்டாம் இடம் பதினைந்தாம் அத்தியாயம். காட்டில் கிடைத்த ஒரு தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள்: மில்டனின் இழந்த சொர்க்கம், புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு தொகுதி, கதேயின் வெர்தர். வெர்தரை வாசித்து அழுகிறான். யாருக்காக அழுகிறோம் என்று முழுசாகப் புரியாமலே அழுகிறான். அப்போது மறுபடியும் தன்னைப் பார்த்துக் கேட்கிறான். இந்த முறை முதலில் வருவது ‘ஹூ’. அதற்குப் பிறகுதான் ‘வாட்’. அப்புறம் எங்கிருந்து, எங்கே நோக்கி.

இதை மேரி ஷெல்லி திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பிரதியில் வரிசை இப்படித்தான் இருக்கிறது: மனிதர்களை அடுக்கி வைக்கும் முறையைப் பற்றிக் கேட்டதும் ‘நான் என்ன’. ஒரு நாவலை வாசித்ததும் ‘நான் யார்’. வோல்னே அவனுக்குக் கட்டங்களைக் காட்டினார், எந்தக் கட்டத்திலும் அவன் அடங்கவில்லை. வெர்தரில் கட்டம் இல்லை, ஓர் ஆள் இருந்தான். இன்னொருவனின் உள்ளே போய்வந்தவனுக்குத்தான் தனக்கும் உள்ளே ஒருவன் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இலக்கியம் எதற்கு என்று நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி எழும், நானும் வழக்கமான பதில்களைச் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் இருப்பதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

படைத்தவனிடம் இந்தத் தடுமாற்றம் வேறு விதமாக இருக்கிறது. உயிர் வரும் அந்தப் புகழ்பெற்ற இரவில், கண் திறந்து மூச்சு வாங்கும் வரை விக்டர் ‘இட்’ என்கிறான். அடுத்த பத்தியில், அந்த உடலின் உறுப்புகளைத் தான் எவ்வளவு அழகாகப் பொறுக்கிச் சேர்த்தேன் என்று சொல்லும்போது ‘ஹிஸ்’ ஆகிவிடுகிறது. அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஒரே மூச்சில் தாவிவிட்டு, அதைக் கவனிக்காமலே ஓடிப்போகிறான். தமிழில் இதை மறைக்கவே முடியாது. ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘அது’வா ‘அவன்’னா என்று நான் முடிவெடுத்தாக வேண்டும்.

மேடைக்குப் போனபோதும் இந்தச் சிக்கல் விடவில்லை. 1823-இல் லண்டனில் இந்தக் கதை நாடகமானபோது நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயருக்கு நேரே வெறும் கோடுதான் போட்டிருந்தார்கள். பார்க்கப் போன மேரி ஷெல்லிக்கு அது பிடித்திருந்தது. 1931-இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தின் தொடக்கத்தில் பாத்திரத்தின் பெயருக்கு எதிரே நடிகரின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. போரிஸ் கார்லாஃப் பெயர் படம் முடிந்த பிறகுதான் வரும். கோடிட்ட இடம் ஒன்று, கேள்விக்குறி ஒன்று. என் பயிற்சித்தாள்தான்.

தமிழாக்கத்துக்கு வருகிறேன். ‘ஹூ’ கேள்வி சுலபம் என்று நினைத்தேன். ‘நான் யார்?’ எழுதிப் பார்த்தவுடன் திருவண்ணாமலை வந்துவிட்டது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுத்தில் தந்த பதில்கள்தான் பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. தமிழில் இந்த இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விபூதி வாசனை வராமல் இருக்காது. அங்கே பெயர், உடல், குலம் எல்லாவற்றையும் உதறிக்கொண்டே போக வேண்டும். இவனுக்கு உதறுவதற்கு எதுவும் இல்லை. இவனுக்கு வேண்டியது ஒரு பெயர், ஓர் அப்பன், யாராவது தொட்டுப் பேசுவது. அதனால் ‘நான் யாரு?’ என்று பேச்சில் வைத்தேன். உகரம் ஒன்று கூடியதும் வேதாந்தம் கொஞ்சம் விலகிக்கொண்டது. விமர்சகர்கள் இதை வட்டாரக் கொச்சை என்று சொல்லக்கூடும், சொல்லட்டும்.

‘வாட்’தான் உயிரை எடுத்தது. ‘நான் என்ன?’ என்றால் தமிழில் வாக்கியம் முடியவில்லை. நான் என்ன செய்யட்டும், நான் என்ன பைத்தியமா என்று எதையோ எதிர்பார்த்துக் காது நிற்கும். ‘நான் எது?’ சரியான அஃறிணை, ஆனால் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். பழந்தமிழுக்குப் போகலாமா என்று பார்த்தேன். அங்கே ‘எவன்’ என்பதே அஃறிணைக்குரிய வினாச்சொல், ‘என்ன’ என்று பொருள். நன்னூலிலும் அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்கு ‘எவன்’ என்றால் ஆண், அதுவும் மரியாதை இல்லாமல் கேட்கப்படும் ஆண், ‘எவன்டா அது?’. அஃறிணையாக இருந்த சொல் ஆளாக மாறியபோது வசவாகவும் மாறிவிட்டது. விக்டரின் ‘இட்’, ‘ஹிஸ்’ தாவலுக்குத் தமிழிலேயே இப்படி ஒரு ஜோடி கிடைத்ததில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. ஆனால் பயன்படுத்த முடியாது. வாசகர் நன்னூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவல் படிக்க மாட்டார்.

முதல் வரைவில் ‘நான் என்ன பிறவி?’ என்று எழுதினேன். நம் வீடுகளில் கேட்கிற வாக்கியம், திட்டும் இருக்கிறது, தன்னிரக்கமும் இருக்கிறது. சந்திப்பில் வாசித்தபோது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கி, ‘அவன் பொறக்கவே இல்லையே அண்ணா’ என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வாக்கியம் போய்விட்டது. சரியான இடத்தில் விழுந்த அடி. அதோடு பிறவி என்ற சொல் கூடவே முற்பிறவியையும் கூட்டிவரும். செய்த வினைக்காகத்தான் இப்படி ஆனான் என்று ஒரு நியாயம் தானாகவே சேர்ந்துகொள்ளும். அவன் எதுவுமே செய்திருக்கவில்லை.

கூட்டத்தில் இன்னொருவர் ‘நான் என்ன ஆளு?’ என்று போடலாமே என்றார். அது எனக்கும் தோன்றாமல் இல்லை. வம்சம், உயர்ந்த இரத்தம் என்றெல்லாம் கேட்டு முடித்த காதில் எழும் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. ஆனால் எழுதிவிட்டால் அவன் நம் ஊர்க்காரனாகிவிடுவான். அவனுக்கு ஒரு சாதி இருக்கிறது, தெரியவில்லை அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அவனுடைய துயரம் எந்தக் கட்டத்திலும் இல்லாதது. நம் துயரம் கட்டத்துக்குள் இருப்பது. இரண்டும் ஒன்றில்லை. பாட்டியின் சிவப்பு ஐசியை நினைத்துக்கொண்டு நான் இந்த நாவலை வாசிக்கலாம், ஆனால் அதை மேரி ஷெல்லியின் பக்கத்தில் ஒட்டிவைக்க எனக்கு உரிமை இல்லை. கடைசியில் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ‘நான் எதில் சேர்த்தி?’ என்று வைத்திருக்கிறேன். வினாப்பெயரில் ஒரு வேற்றுமை உருபு கூடுதலாக ஏறிவிட்டது. பரவாயில்லை, கேள்வி நிற்கிறது. பதினைந்தில் ‘நான் யாரு? எதில் சேர்த்தி?’. இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றுவேன்.

இன்னும் ஓர் இடம் பாக்கி. பதினைந்தாம் அத்தியாயத்தின் முடிவில், இளையவர்கள் வெளியே போயிருக்கும்போது அவன் குடிசைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே குருட்டுக் கிழவர் மட்டும். அவர் உள்ளிருந்தபடியே யாரென்று கேட்கிறார். முகம் தெரியாத ஒருவரைக் கேட்கும்போது ஆங்கிலத்திலும் ‘ஹூ இஸ் இட்?’ என்று அஃறிணை ஒட்டிக்கொள்ளும், நம்முடைய ‘யாரது?’விலும் ஓர் ‘அது’ இருக்கிறது. ‘யாரு வந்தது?’ என்கிறோம், வந்தவர் யாரென்று தெரியும்வரை திணையைத் தள்ளிப்போடுகிறோம். அவமதிப்பில்லாத அஃறிணை அது ஒன்றுதான். ஆகவே அங்கே ‘யாரது? உள்ள வாங்க.’ அவன் பேச்சைக் கேட்டுவிட்டுக் கிழவர், நீங்கள் பிரெஞ்சுக்காரரா என்கிறார். ‘வாட்’ கேள்வியேதான், ஆனால் பிரியமாகக் கேட்கப்பட்டது. இல்லை, அந்த மொழி மட்டும்தான் எனக்குத் தெரியும் என்கிறான் அவன். இந்தப் பதிலை நான் பலமுறை வாசித்தேன்.

பிறகு காலடிச் சத்தம் கேட்கிறது. அவன் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் நான் தேடிவந்த மனிதர்கள் என்று கதறுகிறான். அவர் அதிர்ந்துபோய் மறுபடி கேட்பதும் ‘ஹூ’தான். ஆங்கில ‘யூ’வில் நீயும் நீங்களும் ஒன்று. தமிழில் பிரித்தாக வேண்டும். அதிர்ச்சியில் மரியாதை நழுவும் என்பதால் முதலில் ‘நீ யார்?’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு ‘நீங்க யாரு?’ என்று மாற்றினேன். அவருக்குக் கண் தெரியாது, கையில் இருப்பது இன்னும் ஒரு விருந்தாளியின் கைதான். அதற்குள் கதவு திறந்துவிடுகிறது. அகதா மயங்கி விழுகிறாள், சாஃபி ஓடுகிறாள், பெலிக்ஸ் தடியை எடுத்து அடிக்கிறான். கண் தெரிந்த மூன்று பேரும் எதுவும் கேட்பதில்லை.